விடைத்தாள உள்ளயே வெச்சுகினு பரீட்சை எழுதின கதை: 2008 சென்னை ஓப்பன் ஃபைனலுக்கு ஒரு ரொம்ப லேட் முன்னோட்டம்

2008 ஜனவரி 6, ஞாயித்துக்கிழமை. நானும் என் ஃப்ரெண்டும் காட்பாடி ஜங்ஷன்ல அன்ரிசர்வ்டு பொட்டியில ஏறி, நின்னுகினே சென்ட்ரல் போய், ரோட்ட தாண்டி பார்க் ஸ்டேஷனுக்கு ஓடி, எலக்ட்ரிக் ட்ரெய்ன் புடிச்சு நுங்கம்பாக்கம் போனோம். சென்னை ஓப்பன் ஃபைனல். ரஃபேல் நடால் ஆடறாரு, உலகத்துல ரெண்டாம் நம்பரு, நம்ம ஊர்ல இருந்து 130 கிலோமீட்டர்ல. எதிர்ல ரஷ்யாக்காரர் மிகைல் யூஷ்னி. எங்க கணக்கு ரொம்ப சிம்பிள், நடால் ரெண்டு செட்ல முடிச்சுருவாரு, நாம நைட்டு வண்டிய புடிச்சுரலாம். ரெண்டு செட்ல முடிஞ்சது உண்மைதான். 6-0, 6-1. ஜெயிச்சது யூஷ்னி. ஒரு மணி நேரம் கூட ஆகல. சமோசா வாங்கப் போன என் ஃப்ரெண்டு திரும்பி வந்து பாத்துட்டு, "இன்னா மச்சி, ஸ்கோர் போர்டு ரிப்பேரா?"ன்னு கேட்டான்.

ஊருக்குத் திரும்பி வர்ற வழியெல்லாம் ஒரே பேச்சு, நேத்து ராத்திரி கார்லோஸ் மோயாவோட ஆடின செமி ஃபைனல்ல நடால் செத்து சுண்ணாம்பாயிட்டாரு, அதான் கால் நகரலன்னு. அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், பேப்பர்லயும் அப்படித்தான் போட்டாங்க. ஆனா எங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் கூட காலையில டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி அத யோசிக்கல, அதுதான் என்ன ரொம்ப நாள் அரிச்சுகினு இருந்துச்சு.

இப்ப நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ அப்பர் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். எக்செல் தான் சோறு போடுது. ராத்திரி வீட்டுக்கு வந்தா அதே எக்செல்ல டென்னிஸ் போட்டு, பெரிய டோர்னமெண்ட் வந்தா ஒவ்வொரு மேட்ச்சுக்கும் நாலு வரி முன்னோட்டம் எழுதி நம்ம பசங்களுக்கு அனுப்புவேன், யாரு ஃபேவரிட், எத்தன சதவீதம், எங்க மேட்ச் திரும்பலாம்னு. யாரு மேல காசு கட்டலாம்னு கேக்கறவனுக்கு மட்டும் பதில் கிடையாது. போன வருஷம் ஒரு நாள் தோணுச்சு, அன்னைக்கு காலையில இப்ப இருக்கற ஷீட்டு கையில இருந்திருந்தா அந்த ஃபைனலுக்கு இன்னா எழுதியிருப்பேன்? அத செஞ்சு பாத்த கதைதான் இது. நடுவுல மூணு தடவ கேவலமா மாட்டிக்கினேன், அதையும் மறைக்காம எழுதறேன், ஏன்னா அதுலதான் விஷயமே இருக்கு.

முதல்ல டேட்டா. ஜெஃப் சாக்மன்னு அமெரிக்காக்காரர் ஒருத்தர், டென்னிஸ் அப்ஸ்ட்ராக்ட்னு ஒரு வெப்சைட் நடத்தறவரு, பல வருஷத்து ஏடிபி (ஆண்கள் டென்னிஸ் டூர்) மேட்ச் எல்லாத்தையும் வருஷத்துக்கு ஒரு ஃபைலா கிட்ஹப்ங்கற வெப்சைட்டுல சும்மாவே போட்டு வெச்சிருக்காரு. ஒரு மேட்ச்சுக்கு ஒரு வரி. ஜெயிச்சவன் பேரு, தோத்தவன் பேரு, கோர்ட் வகை, ரவுண்டு, ஸ்கோர், எத்தன நிமிஷம், அப்புறம் ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்), டபுள் ஃபால்ட் (ரெண்டு சர்வும் தப்பாறது), எத்தன பாயிண்ட் சர்வ் பண்ணாங்க, ஃபர்ஸ்ட் சர்வ் எத்தன உள்ள விழுந்துச்சு, அதுல எத்தன ஜெயிச்சாங்க, செகண்ட் சர்வ்ல எத்தன, பிரேக் பாயிண்ட் (அத விட்டா சர்வ் பண்ற கேமே எதிராளிக்கு போயிடும்) எத்தன காப்பாத்தினாங்க, எல்லாமே ரெண்டு செட்டா இருக்கும், ஜெயிச்சவனுக்கு ஒரு செட் காலம் (எக்செல்ல மேலேருந்து கீழ ஓடற பத்தி), தோத்தவனுக்கு ஒரு செட் காலம்.

இங்கதான் முதல் அடி. நான் ஆரம்பத்துல பண்ண ஷீட்டுல ஒரு ப்ளேயரோட பேர ஜெயிச்சவன் காலத்துல மட்டும் தேடி, அந்த வரியில இருக்கற சர்வ் நம்பர மட்டும் கூட்டியிருக்கேன். அதாவது அவன் தோத்த மேட்ச் எதுவுமே கணக்குல இல்ல. பாத்தா எல்லாருமே சூரப்புலி. நூறாவது ரேங்க்ல இருக்கறவன் கூட டூர் சராசரிக்கு மேல சர்வ் பண்றான். எல்லாரும் சராசரிக்கு மேலன்னா அப்ப கீழ இருக்கறது யாரு? ரெண்டு வாரம் அது கூட தோணாம முன்னோட்டம் எழுதிகினு இருந்திருக்கேன். எங்க வேலூர்ல பழைய பேச்சு ஒன்னு உண்டு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு. (கோட்டைக்குள்ள இருக்கற கோயிலுக்கு 1981-லயே சாமி வந்துட்டாரு, பாலாத்துலயும் 2021 நவம்பர்ல வெள்ளமே ஓடுச்சு, ஆனாலும் பேச்சு போகல.) என் ஷீட்டு அந்த வரிசையில நாலாவது, தோத்தவன் இல்லாத டென்னிஸ்.

அத சரி பண்ணப்புறம் கணக்கு எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் பொறுமையா சொல்றேன், இது தெரியாம மிச்சம் புரியாது. டென்னிஸ் முன்னோட்டத்துக்கு அடிப்படையான நம்பரு ரெண்டே ரெண்டுதான். தன் சர்வ்ல எத்தன சதவீத பாயிண்ட் ஜெயிக்கறான், அடுத்தவன் சர்வ்ல எத்தன ஜெயிக்கறான். ஆண்கள் டூர்ல சர்வ் பண்றவனுக்கு சராசரியா 100-ல சுமார் 64 பாயிண்ட் வரும், ரிட்டர்ன் பண்றவனுக்கு மிச்ச 36. இப்ப ரெண்டு கற்பனை ஆளுங்கள வெச்சுக்கலாம். ஏ-க்கு சர்வ்ல 67, ரிட்டர்ன்ல 38. பி-க்கு சர்வ்ல 64, ரிட்டர்ன்ல 37. இவங்க ரெண்டு பேரும் மோதினா? ஆஸ்திரேலியாவுல பார்னெட், கிளார்க்னு ரெண்டு பேரு 2005-ல ஒரு சுலபமான வழி சொன்னாங்க. ஏ சர்வ்ல சராசரிய விட 3 கூட, ஆனா எதிர்ல பி ரிட்டர்ன்ல சராசரிய விட 1 கூட, அப்ப 64-ல 3 கூட்டி 1 கழிச்சா 66. அதே மாதிரி பி-க்கு 64-ல கூட்ட ஒன்னும் இல்ல, ஏ-வோட ரிட்டர்ன் 2 கூட, கழிச்சா 62. அவ்ளோதான்.

66-க்கும் 62-க்கும் நாலு பாயிண்ட் வித்தியாசம், இது இன்னா பெரிய விஷயம்னு தோணும். ஒரு கேம் புடிக்கறதுக்கு நாலு பாயிண்ட் வேணும், ரெண்டு வித்தியாசம் வேணும்ங்கற விதிய வெச்சு கணக்கு போட்டா, 66 இருக்கறவன் தன் சர்வ் கேம்ல 100-க்கு 85 புடிப்பான், 62 இருக்கறவன் 78-தான் புடிப்பான். செட் லெவல்ல ஏ-க்கு சுமார் 62 சதவீதம். மூணு செட் மேட்ச்ல 67, 68. அஞ்சு செட்டுன்னா 70-க்கு மேல போயிடும். பாயிண்ட் லெவல்ல எள்ளு மாதிரி இருக்கறது மேட்ச் லெவல்ல எலுமிச்சம்பழம் ஆகுது, ஒவ்வொரு படியிலயும் வித்தியாசம் ஊதிகினே போகும். அதனாலதான் கிராண்ட் ஸ்லாம்ல ஆண்கள் பக்கம் பெரிய தலைங்க அவ்ளோ சுலபமா கவுறதில்ல, அஞ்சு செட்டு அவங்களுக்கு காவல்.

இந்தக் கணக்குல ஒரு பொய் ஒளிஞ்சிருக்கு, ஒவ்வொரு பாயிண்டும் தனித்தனி, முன்னாடி பாயிண்ட் பின்னாடி பாயிண்ட்ட பாதிக்காதுன்னு. நிஜத்துல அப்படியா? நெதர்லாந்து பக்கம் க்ளாசன், மாக்னஸ்னு ரெண்டு பேரு 1992-லேருந்து 1995 வரைக்கும் விம்பிள்டன்ல ஆடின கிட்டத்தட்ட 90,000 பாயிண்ட்ட எடுத்து சோதிச்சாங்க. சுத்தமா தனித்தனின்னு சொல்ல முடியாது, ஆனா விலகல் ரொம்ப சின்னது, கணக்குக்கு ஆபத்து இல்லன்னு வந்துச்சு. டிவியில சொல்வாங்களே, ஏழாவது கேம்தான் செட்ட தீர்மானிக்கும், புது பால் வந்தா சர்வ் பண்றவனுக்கு லாபம்னு, அதையும் தோண்டிப் பாத்து ஒன்னும் இல்லன்னாங்க. இத படிச்சப்புறம் எனக்கு கமெண்ட்ரி கேக்கறதே கஷ்டமாயிடுச்சு.

இது போக ஈலோன்னு ஒரு ரேட்டிங் கணக்கு தனியா ஓட்டுவேன். செஸ்சுக்காக அர்பாட் ஈலோன்னு ஹங்கேரியில பொறந்த அமெரிக்க இயற்பியல் வாத்தியார் பண்ணது. ஜெயிச்சா தோத்தவன்கிட்ட இருந்து பாயிண்ட் வாங்கிக்குவான், பெரிய ஆள ஜெயிச்சா நெறைய, சின்ன ஆள ஜெயிச்சா கொஞ்சம். ரெண்டு பேருக்கும் 100 வித்தியாசம்னா மேல இருக்கறவன் ஜெயிக்க 64 சதவீதம், 200-ன்னா 76, 400-ன்னா 91. ஏடிபி ரேங்கிங்க விட இது முன்னோட்டத்துக்கு ஏன் நல்லதுன்னா, ரேங்கிங்ல கிராண்ட் ஸ்லாம் ஜெயிச்சா 2000, சென்னை மாதிரி சின்ன டோர்னமெண்ட்னா 250, எங்க ஜெயிச்சங்கறதுக்குத்தான் விலை, யார ஜெயிச்சங்கறதுக்கு இல்ல. டிரால (யாரு யாரோட மோதணும்ங்கற பட்டியல்ல) ஓட்டை விழுந்து சுலபமா வந்தவனுக்கும் அதே பாயிண்டுதான்.

சரி, 2008 ஃபைனலுக்கு வரேன்.

ஷீட்டுல நான் எழுதினது, 2008-க்கு முன்னாடி நடந்த எல்லா மேட்ச்சையும் எடு, ஹார்டு கோர்ட்டுக்கு (சென்னை மாதிரி கெட்டித் தரைக்கு) தனி எடை குடு, கடைசி அஞ்சு ஹார்டு கோர்ட் மேட்ச்சுக்கு இன்னும் கூடுதல் எடை குடு, அத வெச்சு சதவீதம் சொல்லு. ராத்திரி 11 மணிக்கு என்டர் தட்டினேன். யூஷ்னி ஃபேவரிட்னு வந்துச்சு! சேர்ல இருந்து எகிறி குதிச்சுட்டேன். உலகமே நடால்னு சொன்ன நாள்ல என் ஷீட்டு யூஷ்னின்னு சொல்லுது, நான் 2008-லயே இத பண்ணியிருந்தா எங்கயோ போயிருப்பேன், அந்த மாதிரியெல்லாம் கனவு. பழைய சமோசா ஃப்ரெண்டுக்கு போன் போட்டு எழுப்பி சொன்னேன். அவன் "இத சொல்ல இந்நேரத்துல எழுப்பறியா"ன்னு வெச்சுட்டான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு சத்துவாச்சாரி போயிருந்தப்ப அக்கா பையன்கிட்ட பெருமையா லேப்டாப்ப தொறந்து காட்டினேன். அவன் காலேஜ்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கறான், வாய் அதிகம். அவங்க அம்மா வெச்ச முள்ளுக்கத்திரிக்கா கொத்சுல இட்லிய தொட்டு தின்னுகினே ஸ்கிரீன பாத்துகினு இருந்தான். அஞ்சு நிமிஷம் ஒன்னும் பேசல. அப்புறம் கேட்டான், "மாமா, இந்த கடைசி அஞ்சு மேட்ச்ல ஒன்னு நடாலோடயே இருக்கு பாருங்க. இது எந்த மேட்ச்சு?"

பாத்தேன். யூஷ்னி ஜெயிச்சது. ஸ்கோர் 6-0, 6-1.

அந்த ஃபைனலேதான். ஃபைனலுக்கு முன்னோட்டம் சொல்ல ஃபைனலோட ரிசல்ட்டையே உள்ள குடுத்திருக்கேன். எப்படி உள்ள போச்சு? 2008-க்கு முன்னாடின்னுதானே வடிகட்டினேன்? அவன் தேதி காலத்த விரல்ல காட்டினான், எண்ணெய் கையோட. 20071231. அந்த ஃபைல்ல இருக்கற தேதி மேட்ச் நடந்த தேதி இல்ல, டோர்னமெண்ட் ஆரம்பிச்ச வாரத்தோட தேதி, பெரும்பாலும் திங்கக்கிழமை. 2008 சென்னை ஓப்பன் ஆரம்பிச்சது 2007 டிசம்பர் 31, திங்கக்கிழமை. ஜனவரி 6-ல நடந்த ஃபைனலுக்கும் அதே டிசம்பர் 31-தான் போட்டிருக்கும். என் ஃபில்டருக்கு அது "போன வருஷத்து மேட்ச்". சாமர்த்தியமா முன்னோட்டம் சொல்லல, விடைத்தாள மடியில வெச்சுகினு பரீட்சை எழுதியிருக்கு.

"நல்ல வேள மாமா, வெளிய யாருக்கும் காட்டல"ன்னான். சமோசா ஃப்ரெண்டுக்கு போன் பண்ணத அவன்கிட்ட சொல்லல.

இந்த தேதி விஷயம் இந்த ஒரு மேட்ச்சோட போகல. ஒரே டோர்னமெண்ட்டோட எல்லா மேட்ச்சுக்கும் ஒரே தேதிங்கறதால, தேதி வெச்சு வரிசைப்படுத்தினா செமிக்கு முன்னாடி ஃபைனல் வரலாம், ஃபர்ஸ்ட் ரவுண்டுக்கு முன்னாடி குவார்ட்டர் வரலாம். அப்ப ஈலோவும் தலகீழா ஏறும். ரவுண்டு காலத்தையும் மேட்ச் நம்பர் காலத்தையும் சேத்து வரிசைப்படுத்தினாதான் நிஜ வரிசை வரும். நான் அது வரைக்கும் எழுதின எல்லா முன்னோட்டத்துலயும், பழைய டோர்னமெண்ட்ட வெச்சு டெஸ்ட் பண்ணப்ப வந்த நல்ல மார்க் எல்லாம், கொஞ்சம் கொஞ்சம் இந்த ஓட்டை வழியா வந்ததுதான். அத நெனச்சாதான் வயிறு கலங்குச்சு. அக்கவுண்ட்ஸ்ல மார்ச் பில்ல ஏப்ரல்ல போட்டாலே ஆடிட்டர் கிழிச்சுருவாரு, நான் நாளைக்கு வர்ற பணத்த நேத்தைக்கு வரவு வெச்சிருக்கேன்.

இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு, அது ரெண்டாவது அடி ஆறறதுக்குள்ள வந்த மூணாவது அடி. ஹார்டு கோர்ட் சராசரிக்கு ஒரு தனி ஷீட்டு வெச்சிருந்தேன், அதுல 2008 முழு வருஷமும் இருந்துச்சு. 2008-ல நடால் பிரெஞ்ச் ஓப்பன், விம்பிள்டன், ஒலிம்பிக் தங்கம் எல்லாம் அடிச்சு ஆகஸ்ட்ல நம்பர் ஒன் ஆனாரு. ஜனவரி மாச ஃபைனலுக்கு முன்னோட்டம் எழுதறவனுக்கு ஆகஸ்ட்ல பெய்ஜிங்ல நடக்கப்போறது எப்படி தெரியும்? ஒரு பக்கம் யூஷ்னிக்கு ஃபைனல் ரிசல்ட் கசிஞ்சிருக்கு, இன்னொரு பக்கம் நடாலுக்கு ஒலிம்பிக் கசிஞ்சிருக்கு.

எல்லாத்தையும் கழுவி, அந்த செமி ஃபைனல் முடிஞ்ச ராத்திரி வரைக்கும் தெரிஞ்சது மட்டும் வெச்சு திரும்ப ஓட்டினோம். நடால் ஃபேவரிட். நாங்க அன்ரிசர்வ்டு பொட்டியில போட்ட அதே கணக்குதான். இவ்ளோ வேலை பண்ணி எங்க பழைய அறிவுக்கே திரும்பி வந்ததுல எனக்கு வருத்தம்தான், ஆனா பையன் சந்தோஷமா இருந்தான், "இதுதான் மாமா சரியான பதில், ரிசல்ட் வேற வந்தா ஷீட்டு தப்புன்னு அர்த்தம் இல்ல"ன்னான். அது உண்மைதான். 80 சதவீதம்னு சொன்னா அஞ்சுல ஒன்னு தப்பா வந்தே ஆகணும், வராட்டிதான் சந்தேகப்படணும்.

நேருக்கு நேர் வரலாறும் பாத்தோம். 2006 யூஎஸ் ஓப்பன் குவார்ட்டர்ல ஹார்டு கோர்ட்டுல யூஷ்னி நாலு செட்ல நடால ஜெயிச்சிருக்காரு, 6-3, 5-7, 7-6, 6-1. 2007 விம்பிள்டன் நாலாவது ரவுண்டுல புல்லுல முதல் ரெண்டு செட்ட விட்டுட்டு நடால் திரும்பி வந்து ஜெயிச்சாரு, 4-6, 3-6, 6-1, 6-2, 6-2. டிவிக்காரங்களுக்கு இந்த மாதிரி விஷயம் அல்வா. எனக்கு இத எடை போட பயம். நாலஞ்சு மேட்ச்ச வெச்சு, அதுவும் வேற வேற கோர்ட்டுல நடந்தத வெச்சு, இவனுக்கு அவன கண்டா ஆகாதுன்னு சொல்றது ஜாதகம் பாக்கற மாதிரி. 2009-ல ரோம்ல நடால் ராபின் சோடர்லிங்க 6-1, 6-0-ன்னு நசுக்கினாரு. சில வாரம் கழிச்சு பாரிஸ்ல, அதே செம்மண்ணுல, அதுவரைக்கும் அங்க 31 மேட்ச் ஆடி ஒன்னு கூட தோக்காத நடால சோடர்லிங் நாலு செட்ல அனுப்பி வெச்சாரு. ரோம் ஸ்கோர வெச்சு எழுதின முன்னோட்டத்தையெல்லாம் பஜ்ஜி மடிக்கத்தான் குடுத்திருக்கணும். ஆனாலும் 2006 மேட்ச்ச சுத்தமா தள்ளிட முடியாது, யூஷ்னியோட தட்டையான அடி வேகமான ஹார்டு கோர்ட்டுல நடாலுக்கு தொல்லை குடுக்கும்னு ஒரு வரி எழுதலாம், சதவீதத்த மட்டும் தொடக்கூடாது.

அப்ப மிச்சம் இருக்கறது அந்த செமி ஃபைனல்தான்.

ரெண்டு பேருமே மயோர்கா தீவுக்காரங்க, மோயா நடாலுக்கு அண்ணன் மாதிரி, சென்னையில 2004, 2005 ரெண்டு வருஷம் கோப்பை அடிச்சவரு. நடால் முதல் செட்ட விட்டாரு, 4 மேட்ச் பாயிண்ட்ட காப்பாத்தினாரு, 6-7, 7-6, 7-6. மூணுமே டை பிரேக் (6-6 ஆனா செட்ட முடிக்க ஆடற கேம்). 3 மணி 54 நிமிஷம். மூணு செட் மேட்ச்சுக்கு இது பேய்த்தனமான நேரம், சாதாரணமா ஒன்றரை ரெண்டு மணியில முடியறது. டேட்டாவுல நிமிஷ காலம்னு ஒன்னு இருக்கு, 234-ன்னு அது பாட்டுக்கு உக்காந்திருக்கும். நான் அது வரைக்கும் அந்தக் காலத்த தொட்டதே இல்ல. ஏஸ், பிரேக் பாயிண்ட், ஈலோன்னு அலைஞ்சவன் கண்ணு முன்னாடி இருந்த நம்பர பாக்கல.

அதோட விட்டிருந்தா கதை அழகா முடிஞ்சிருக்கும், நேத்து அதிக நேரம் ஆடினவன் இன்னைக்கு தோப்பான்னு ஒரு விதி எழுதிட்டு போயிருக்கலாம். பையன் விடல. "மாமா, ஒரு மேட்ச்ச வெச்சு விதி எழுதாதீங்க, வேற எங்கல்லாம் இப்படி நடந்திருக்கு பாருங்க"ன்னான்.

பாத்தோம். 2010 விம்பிள்டன் முதல் ரவுண்டு, ஐஸ்னரும் மாஹுவும், கடைசி செட் 70-68 வரைக்கும் போன அந்த மேட்ச், 11 மணி 5 நிமிஷம், 3 நாள். அதுல இன்னொரு வேடிக்கை, மொத்த பாயிண்ட்ல தோத்த மாஹு 502, ஜெயிச்ச ஐஸ்னர் 478. அடுத்த ரவுண்டுல ஐஸ்னர் டி பாக்கர்கிட்ட 6-0, 6-3, 6-2-ன்னு 74 நிமிஷத்துல காலி. முன்னாடி மேட்ச்ல 113 ஏஸ் அடிச்ச மனுஷன் இதுல ஒன்னு கூட அடிக்கல. சரி, விதி நிக்குதுன்னு நெனச்சேன்.

ஆனா 2009 ஆஸ்திரேலியன் ஓப்பன்? இதே நடால், செமியில வெர்டாஸ்கோவோட 5 மணி 14 நிமிஷம். ரெண்டு நாள் கழிச்சு ஃபைனல்ல ஃபெடரர அஞ்சு செட்ல ஜெயிச்சாரு. 2012 ஆஸ்திரேலியன் ஓப்பன், ஜோகோவிச் செமியில மர்ரேவோட 4 மணி 50 நிமிஷம், அடுத்து ஃபைனல்ல நடாலோட 5 மணி 53 நிமிஷம் ஆடி ஜெயிச்சாரு. அப்ப நிமிஷம் மட்டும் இல்ல, நடுவுல எத்தன மணி நேரம் படுத்து எழுந்தான்னும் வேணும். மெல்போர்ன்ல நடுவுல ஒரு நாள் முழுசா கிடைச்சுது. சென்னையில சனிக்கிழமை செமி, ஞாயித்துக்கிழமை ஃபைனல். அதுவும் நம்ம ஊரு புழுக்கத்துல, ஜனவரின்னாலும் சென்னை சென்னைதான். வேலூர் வெயில்ல வளந்த நானே நுங்கம்பாக்கத்துல உக்காந்த எடத்துல சட்டை நனஞ்சு இருந்தேன்.

இன்னொரு விஷயம் பையன் சொன்னது மண்டையில நின்னுடுச்சு. நாலு மணி நேரம் ஆடி ஜெயிச்சு அடுத்த மேட்ச்சுக்கு வர்றவன் யாரு? பெரும்பாலும் உடம்பு தாங்கற ஆளு. தாங்காதவன் அந்த மேட்ச்சையே தோத்துட்டு ஊருக்குப் போயிருப்பான், நம்ம லிஸ்ட்லயே வரமாட்டான். அதனால களைப்போட விலைய இந்த லிஸ்ட் வெச்சு அளந்தா கம்மியாத்தான் காட்டும். திரும்பவும் தோத்தவன் இல்லாத டென்னிஸ், வேற வேஷத்துல.

கடைசியா நாங்க வெச்சுகினது இதுதான். ரெண்டு பேரோட கடைசி மேட்ச் நிமிஷத்தையும் பக்கத்துல பக்கத்துல போடு, நடுவுல கிடைச்ச ஓய்வு ஒரு ராத்திரியா ஒரு நாளான்னு போடு. வித்தியாசம் ரெண்டு மணி நேரத்த தாண்டி ஓய்வு ஒரே ராத்திரின்னா, ஃபேவரிட்டோட சதவீதத்த 50 பக்கம் இழு, ஆனா தாண்டி அந்தப் பக்கம் தள்ளாத. எவ்ளோ இழுக்கறதுன்னு ஷீட்டு சொல்லல, நம்ம கைதான், அத முன்னோட்டத்துலயே வெளிப்படையா எழுதிடணும். இது கொஞ்சம் கோழைத்தனமா தெரியலாம். எனக்கு அதுதான் நேர்மையா படுது.

இதெல்லாம் பண்ணும்போது வேற சில காலத்த தூக்கியும் போட்டேன். பிரேக் பாயிண்ட் மாத்தற சதவீதம், அத வெச்சு ஒருத்தன தைரியசாலின்னு எழுதறத விட்டுட்டேன். ஒரு மேட்ச்ல எட்டு பத்து பிரேக் பாயிண்ட்தான் வரும், அதுல ரெண்டு நெட்ல பட்டு உள்ள விழுந்தா சதவீதம் 20 ஏறிடும். 2019 விம்பிள்டன் ஃபைனல் இதுக்கு நல்ல மருந்து. ஃபெடரர் 13-ல 7 பிரேக் மாத்தினாரு, ஜோகோவிச் 8-ல 3. ஏஸ் 25-க்கு 10. வின்னர் (எதிராளி திருப்ப முடியாத அடி) 94-க்கு 54. மொத்த பாயிண்ட் 218-க்கு 204. சாம்பியன்ஷிப் பாயிண்ட் (ஒன்னு புடிச்சா கோப்பை) ரெண்டு ஃபெடரர் கையில, சர்வும் அவரு கையில. கோப்பை ஜோகோவிச்சுக்கு, மூணு டை பிரேக்கையும் அவரு எடுத்தாரு. இத வெச்சு டை பிரேக்ல ஜோகோவிச் தெய்வம்னு ஒரு காலம் போடலாமான்னு கை அரிக்கும். போடல. அதே மாதிரி 2012 சென்னை ஃபைனல், ரயோனிச் டிப்சரெவிச்ச ஜெயிச்சது, மூணு செட்டும் டை பிரேக், அந்த டோர்னமெண்ட் முழுக்க ரயோனிச் சர்வ யாருமே உடைக்கல. அந்த மாதிரி மேட்ச்சுக்கு முன்னோட்டத்துல சதவீதம் 50-ஐ ஒட்டி இருந்தா நான் வெக்கப்படறதில்ல, "ரெண்டு மூணு பாயிண்ட்ல முடியும்"னு எழுதிட்டு போயிடுவேன்.

முன்னோட்டம் எவ்ளோ சரின்னு மார்க் போடறதுக்கு பிரையர் ஸ்கோர். க்ளென் பிரையர்னு அமெரிக்க வானிலைக்காரரு 1950-ல மழை முன்னறிவிப்புக்குப் பண்ணது. 70 சதவீதம்னு சொல்லி அவன் ஜெயிச்சா 0.3-ஐ அதாலயே பெருக்கி 0.09, தோத்தா 0.7-ஐ பெருக்கி 0.49. கம்மியா இருந்தா நல்லது. எல்லாத்துக்கும் 50-50 சொல்ற சோம்பேறிக்கு எப்பவும் 0.25. ஓட்டை இருந்த பழைய ஷீட்டுக்கு ஜோரான மார்க், அடைச்ச ஷீட்டுக்கு மார்க் மோசமாச்சு, அதுலதான் அடைச்சது சரின்னே தெரிஞ்சுது. சோம்பேறிய விட இப்பவும் நல்லாத்தான் இருக்கு, ஆனா பெருமைப்படற அளவு இல்ல.

2008 ஜனவரி 6 காலையில போட்டிருக்க வேண்டிய முன்னோட்டத்த இப்ப எழுதி வெச்சிருக்கேன், இதுல அன்னைக்கு தெரியாத ஒரு வார்த்த கூட இல்ல:

"ரேங்க், ஈலோ, சர்வ்-ரிட்டர்ன் மூணும் நடால் பக்கம். ஹார்டு கோர்ட்டுல யூஷ்னி அவர 2006 நியூயார்க்ல ஜெயிச்சிருக்காரு, ஆனா அது ஒரு மேட்ச். நேத்து நடால் 234 நிமிஷம் ஆடியிருக்காரு, நடுவுல ஒரு ராத்திரிதான். அதனால ஷீட்டு சொல்றத விட நாங்க நிறைய கீழ இறக்கறோம், இருந்தாலும் நடால்தான் கொஞ்சம் முன்னாடி. முதல் நாலு கேம்ல நடால் ஓரமா போற பாலுக்கு ஓடறாரான்னு பாருங்க. ஓடலன்னா இந்த முன்னோட்டத்த கிழிச்சு போட்டுருங்க."

அக்கா பையன் படிச்சுட்டு, "இத அன்னைக்கே படிச்சிருந்தா காட்பாடியில வண்டி ஏறியிருக்க மாட்டீங்களா மாமா?"ன்னு கேட்டான். ஏறியிருப்பேன்டா, நடால் ஆச்சே. சமோசாவ மட்டும் மேட்ச்சுக்கு முன்னாடியே வாங்கி வெச்சிருப்பேன்.